பால் வாங்கிய செய்தி

ஜனவரி 12

அன்புள்ள வாண்டுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம். நீயும் மருமகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். நாற்பதைத் தாண்டி, மூக்கில் கண்ணாடி ஏறிய ஒருவனை இன்னும் வாண்டு என்று கூப்பிடலாமா என்று உன் பெரியம்மா கேட்கிறாள். கூப்பிடுகிறவளுக்கும் கூப்பிடப்படுகிறவனுக்கும் சம்மதம் என்றால் இவளுக்கு என்ன வந்தது?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ அதற்குத் தீர்வு சொல்லிவிடுகிறாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, கடைசிவரை படித்துத்தான் ஆக வேண்டும். நீயும் கையால் எழுதித்தான் பதில் போட வேண்டும். டைப் அடித்து அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

விஷயம் இதுதான். போன வாரம் செருப்புக் கடைக்குப் போயிருந்தேன். முழங்கால் வலிக்கு இதமாக, அடியில் மெத்தென்று இருக்கிற செருப்பு ஒன்றைப் பார்த்து வைத்திருந்தேன். விலை கொஞ்சம் கூடுதல்தான். கார்டைக் கொடுத்தேன். கடைக்காரப் பெண் "ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்கம்மா" என்றாள். எனக்கு வந்தால்தானே சொல்வது? அது கடல் தாண்டிப் போய் உன் தலைமாட்டில் இருக்கிற போனில் விழுந்திருக்கிறது. நீ ராத்திரி ஷிப்ட் முடித்துத் தூங்குகிற நேரம். ஒரு செருப்புக்காக உன்னை எழுப்ப மனசு வரவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் பெருமூச்சு விட ஆரம்பித்தார்கள். "பையன்கிட்ட கேட்டுட்டு அப்புறமா வாங்கம்மா" என்று அந்தப் பெண் நல்ல மனதோடுதான் சொன்னாள். எனக்குத்தான் முகம் சுருங்கிப்போனது. செருப்பை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் நீயே கூப்பிட்டாய். "செருப்புக் கடையில என்னம்மா பண்ணினே?" என்றாய். அதற்கு முன்னால் ஒரு நாள், "எதுக்கும்மா ரெண்டு தலையணை?" அதற்கும் முன்னால், "அடிக்கடி பேக்கரிக்குப் போறியே, சுகர் பாத்தியா?"

வாண்டு, உன் அப்பாவும் இப்படித்தான் கேட்பார். தங்கமான மனிதர், ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. ஆனால் என் சம்பளக் கவர் பிரிக்காமலே அவர் கைக்குப் போகும். பஸ்ஸுக்குக் கொடுத்ததில் மீந்த சில்லறையை நான் மேஜைமேல் வைப்பேன். அது அப்போது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை, எனக்கும்தான். அவர் போன பிறகு ஒரு நாள் பேக்கரியில் நின்றபடியே ஒரு கேக் துண்டு வாங்கித் தின்றேன். வீட்டுக்கு வந்தால் எவ்வளவு என்று கேட்க ஆள் இல்லை. மறுபடி அதே கடை வாசலுக்குப் போய் நின்று அழுதேன், அவர் இல்லையே என்று. கூடவே ஒரு சின்ன சந்தோஷமும் வந்தது. இரண்டும் சேர்ந்து வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

வங்கியிலிருந்து பேசுவதாகப் போனில் சொன்ன அந்தத் திருடனிடம் நான் பணத்தை ஏமாந்ததும் நீ பதறியடித்து வந்து, வங்கியில் என் நம்பரை எடுத்துவிட்டு உன் நம்பரைக் கொடுத்தாயே, அது என்மேல் உள்ள அக்கறையால்தான். எனக்குத் தெரியும். நீ தாளை நீட்டியபோது கையெழுத்துப் போட்டதும் நான்தான். அன்றைக்கு என் கை நடுங்கிக்கொண்டிருந்தது. இப்போது நடுங்கவில்லை. என் கணக்கை என்னிடமே கொடுத்துவிடு, கண்ணா.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ.

உன் அம்மா


ஜனவரி 27

அன்புள்ள அம்மாவுக்கு,

கையால் எழுதி எத்தனையோ காலமாகிவிட்டது. ஒரு பாரா எழுதுவதற்குள் விரல் வலிக்கிறது. என் கையெழுத்தைப் பார்த்து உன் மருமகள் மருந்துச் சீட்டா என்று கேட்டாள்.

செருப்புக்கு ஏன் என்னை எழுப்பவில்லை? எழுந்தால் தேய்ந்தா போய்விடுவேன்? அதே மாதிரிச் செருப்பை நானே ஆன்லைனில் வாங்கி அனுப்பிவிட்டேன். இந்தக் கடிதத்துக்கு முன்னால் அது வந்துவிடும்.

நம்பர் மாற்றுவது மட்டும் வேண்டாம் அம்மா. அன்று அவன் வங்கி அதிகாரி மாதிரிப் பேசி, மதியம் முழுக்க உன்னைப் போனிலேயே பிடித்துவைத்து, அப்பாவின் ஓய்வுப் பணத்தில் பாதியை வழித்துக்கொண்டு போனான். "பணம் போனா போகட்டும்டா, நான் எப்படி நம்பினேன்னுதான் தெரியல" என்று நீ திரும்பத் திரும்பச் சொன்னாய். அந்தக் குரல் இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை. இன்னொரு முறை உன்னை அப்படி உட்காரவைக்க எவனையும் விடமாட்டேன்.

என் வேலை உனக்குத் தெரியும். நகரத்து லிஃப்டுகள் எல்லாம் என் முன்னால் இருக்கும் திரையில் பச்சைப் புள்ளிகளாக ஓடிக்கொண்டிருக்கும். ஒன்று சிவப்பானால் மெக்கானிக்கை அனுப்புவேன். பச்சையாக இருக்கும்வரை நிம்மதி. உன் கணக்கும் எனக்கு அப்படித்தான். காலையில் நீ முனைக்கடையில் கார்டைக் கொடுத்துப் பால் வாங்கியதும் என் போனில் ஒரு வரி வந்து விழும். அம்மா எழுந்துவிட்டாள், படி இறங்கிவிட்டாள், முழங்கால் இன்றைக்குப் பரவாயில்லை. அதைப் பார்த்த பிறகுதான் நான் படுக்கப் போவேன். இதை உளவு என்று நினைக்காதே. சும்மா பார்க்கிறேன், அவ்வளவுதான்.

இப்போது நான் கேட்கிறேன், நீ பதில் சொல். இந்த மாதம் உன் கணக்கிலிருந்து ஒரு ஸ்கேன் சென்டருக்குப் பணம் போயிருக்கிறது. சில நாளில் மறுபடியும், முன்னதைவிடப் பெரிய தொகை. போனில் கேட்டேன். "அது ஒண்ணுமில்லைடா" என்று பேச்சை மாற்றினாய். அப்பா விஷயத்திலும் என்னிடம் இதே ஒண்ணுமில்லைதான் சொன்னீர்கள். அவர் இதயம் பலவீனமாகி வெகுநாள் ஆன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நான் வந்து சேர்ந்தபோது அவரால் பேச முடியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு எதையோ சொல்லப் பார்த்தார். என்ன என்று இன்றுவரை தெரியாது. இதை நான் உன்மேல் குற்றமாகச் சொன்னதே இல்லை. ஆனால் இன்னொரு தரம் என்னால் தாங்க முடியாது.

பெரியம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். வந்து உன்னைப் பார்ப்பாள். கோபித்துக்கொள்ளாதே. என்ன உடம்புக்கு என்று என்னிடம் மட்டுமாவது சொல்லிவிடு.

உன் வாண்டு


பிப்ரவரி 9

வாண்டுக்கு,

இந்தத் தடவை அன்புள்ள என்று போடவில்லை. அன்பு இருக்கிறது, அது எங்கே போகும். எழுதத்தான் வரவில்லை.

உன் பெரியம்மா வந்தாள். ஒரு பை நிறைய ஆரஞ்சு, சிவந்த கண். வாசலிலேயே என்னைக் கட்டிக்கொண்டு, "என்னை விட்டுட்டுப் போயிடலாம்னு பாக்கறியாடி?" என்றாள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பிறகுதான் ஸ்கேன் என்றாள், நீ சொன்னாய் என்றாள். எனக்கு ஒன்றுமில்லை என்றால் கேட்டால்தானே. "மறைக்காதே, மறைக்காதே" என்று என் கழுத்தைத் தடவிப் பார்க்கிறாள், கண் இமையை இழுத்துப் பார்க்கிறாள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். வாய் தவறிவிட்டது. "அது எனக்கில்லைக்கா" என்று சொல்லிவிட்டேன்.

ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூமில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவள் நான். நோயாளிகளின் ஃபைல் எல்லாம் என் பொறுப்பில். அண்ணன் வருவான், மாமியார் வருவாள், முதலாளி ஆள் அனுப்புவான். அழுவார்கள், அதட்டுவார்கள். ஃபைல் யாருடையதோ அவருடைய கையெழுத்து இல்லாமல் நான் அலமாரியைத் திறந்ததே கிடையாது. "அவங்க ஃபைல் இங்க இல்லை" என்று சொல்வதுகூட ஒரு தகவல்தான், அதையும் சொல்லக்கூடாது என்று புதிதாகச் சேரும் பெண்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுப்பேன். அப்படிப்பட்டவள் என் வீட்டு வாசலில் நின்று உளறிவிட்டேன்.

அது எனக்கில்லை என்றால் யாருக்கு என்று கண்டுபிடிக்க உன் பெரியம்மாவுக்கு எவ்வளவு நேரமாகும்? நானும் கீழ்வீட்டு டெய்லரம்மாவும் ஒன்றாக டாக்ஸியிலிருந்து இறங்கியதை ஒரு நாள் பார்த்திருக்கிறாள். திரும்பிப் போகும்போது கீழ்வீட்டுக் கதவைத் தட்டி, "ஸ்கேன்ல என்னம்மா சொன்னாங்க?" என்று கேட்டுவிட்டாள். கதவைத் திறந்தது டெய்லரம்மா இல்லை, அவள் மகள்.

உனக்குப் பள்ளிக்கூடக் கால்சட்டை தைத்துக் கொடுத்த அதே டெய்லரம்மாதான். மார்பில் ஏதோ கட்டி மாதிரித் தட்டுப்பட்டிருக்கிறது. மகள் மாசமாக இருக்கிறாள். போன தடவை நிற்கவில்லை. இந்த நேரத்தில் அவள் காதில் எதுவும் விழக்கூடாது, முடிவு தெரியட்டும் என்று அம்மாக்காரி நினைத்தாள். ஆனால் டெய்லரம்மாவின் கணக்கு மகளின் போனில் இருக்கிறது. உன்னைப் போலவே அவளும் அக்கறைக்காரி. அதனால் டெய்லரம்மா பணத்தை ரொக்கமாக என் கையில் கொடுத்து, "ஸ்கேன்காரங்க கார்டுதான் வேணுங்கறாங்க, உங்க கார்டுல கட்டிடுங்கக்கா" என்றாள். பெரிய தொகைக்கு உன்னிடம் ஓடிபி கேட்டேனே, நினைவிருக்கிறதா? மருந்துக்கடைக்கு என்றேன். பொய்தான். என்னிடம் வந்தால் காதும் காதும் வைத்தாற்போல் முடிந்துவிடும் என்று அவள் நம்பினாள். என் கணக்கும் ஒருவன் போனில் திறந்து கிடக்கிறது என்று நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வெட்கமாக இருந்தது. ஒன்றும் சொல்லாமல் கார்டை நீட்டினேன்.

விஷயம் தெரிந்து டெய்லரம்மாவின் மகள் அழுத அழுகையில் வயிற்றுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, படுத்தே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். டெய்லரம்மாவுக்கும் அது சாதாரணக் கொழுப்புக் கட்டிதான் என்று ரிசல்ட் வந்துவிட்டது. அப்புறம் என்னம்மா, எல்லாம் நல்லபடியாக முடிந்ததே என்பாய். முடியவில்லை. படியில் எதிரே வந்தால் டெய்லரம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு போகிறாள். சாயங்காலமானால் அவள் மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பட்டன் தைத்துக் கொடுப்பேன். என் நாளில் நான் வாய்விட்டுச் சிரிப்பது அங்கேதான். அந்த ஸ்டூலில் இப்போது துணியை அடுக்கி வைத்திருக்கிறாள்.

அப்பா விஷயமாக நீ எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். உன்னிடம் சொல்லக்கூடாது என்றது அவர். அது அவர் உடம்பு, அவர் வாயால் சொல்ல வேண்டியது. சொல்லுங்க, அவன்கிட்ட சொல்லுங்க என்று கெஞ்சாத நாள் இல்லை. நாளைக்கு, நாளைக்கு என்றார். உன் வலி நியாயமானது, வாண்டு. ஆனால் அவர் சொல்லாமல் போனதை என் பால் பாக்கெட்டை எண்ணி நீ ஈடுகட்ட முடியாது.

திங்கட்கிழமை வங்கிக்குப் போகிறேன். நம்பரை மாற்றப்போகிறேன். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை, சொல்கிறேன்.

செருப்பு வந்தது. ஒரு சைஸ் பெரிது.

அம்மா


பிப்ரவரி 25

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே உன் கணக்கிலிருந்து வரும் செய்திகள் நின்றுவிட்டன. ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து போனைப் பார்த்தேன். பால் வரவில்லை. பல் தேய்த்துவிட்டு வந்து பார்த்தேன், வரவில்லை. பெரியம்மாவைக் கூப்பிட நம்பரைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் உன்னையே கூப்பிடலாமே என்று தோன்றியது.

நீ எடுத்து "என்னடா?" என்றாய். எப்போதும் எதுக்கும்மா, ஏம்மா என்றுதான் ஆரம்பிப்பேன். அன்று கேட்பதற்கு என் கையில் ஒன்றும் இல்லை. "சும்மாதான்" என்று வைத்துவிட்டேன். பிள்ளைக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பாய்.

பிறகு கடிதம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். லிஃப்ட் ஓடினால் புள்ளி பச்சையாக இருக்கும். உள்ளே ஒருவர் நின்று அழுதுகொண்டிருந்தாலும் பச்சைதான். நீ பேக்கரியில் எவ்வளவு கொடுக்கிறாய் என்பது எனக்கு அன்றன்றைக்கே தெரியும். அதே பேக்கரி வாசலில் ஒரு காலத்தில் நின்று அழுதாயே, அது நீ எழுதிய பிறகுதான் தெரியும். நல்லா இருக்கியாம்மா என்று நான் கடைசியாக எப்போது கேட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கே வரவில்லை. பால் வாங்கியிருக்கிறாளே, நன்றாகத்தான் இருப்பாள் என்று இருந்துவிட்டேன்.

என்னை மன்னித்துவிடு. பெரியம்மாவிடம் சொன்னது தப்பு. அதற்கு முன்னால் பார்த்ததே தப்பு. உன் மருமகள் கடிதத்தைக் கேட்டாள். "எனக்கு எழுதினது" என்று கொடுக்க மறுத்தேன். "அப்போ என் பேங்க் மெசேஜையும் இனிமே எட்டிப் பாக்கமாட்டீங்களா?" என்றாள்.

இதோடு இன்னொரு கவர் வைத்திருக்கிறேன். டெய்லரம்மாவுக்கு. ஒட்டித்தான் அனுப்புகிறேன். நீ பிரிக்கக்கூடாது, என்ன எழுதினாய் என்று கேட்கவும் கூடாது.

பயம் மட்டும் போகவில்லை அம்மா. அந்தத் திருடன் மறுபடி கூப்பிட்டால்? உனக்கு உடம்புக்கு ஏதாவது வந்தால் எனக்கு எப்படித் தெரியும்? எல்லாவற்றுக்கும் தீர்வு வைத்திருப்பேன் என்று கேலி செய்வாயே, இதற்கு என்னிடம் இல்லை.

உன் வாண்டு


மார்ச் 30

அன்புள்ள வாண்டுக்கு,

பார், போட்டுவிட்டேன்.

உன் கவரை எடுத்துக்கொண்டு கீழே போனேன். டெய்லரம்மா மெஷினில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே போகாமல் வாசலில் நின்றபடியே, "என் பையன் உனக்கு எழுதியிருக்கான். நான் பிரிக்கல" என்று நீட்டினேன். ஒட்டிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டாள். ரொம்ப நாள் ஒரு சத்தமும் இல்லை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அப்புறம் ஒரு சாயங்காலம் மூச்சு வாங்கப் படியேறி வந்தாள். "ஸ்டூல்ல இருந்த துணியெல்லாம் எடுத்துட்டேன்க்கா" என்றாள். நான் கண்ணாடியை எடுத்துக்கொண்டு கூடவே இறங்கிப் போனேன்.

பட்டன் தைத்துக்கொண்டே அவளிடம் சொல்லிவிட்டேன், என் கணக்கு உன் போனில் இருந்ததையும், அதைச் சொல்ல வெட்கப்பட்டதையும். ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, "எனக்கும் அதே வெக்கம்தானேக்கா. இல்லேன்னா எதுக்கு உங்க கார்டைத் தேடி வரேன்?" என்றாள். ரெண்டு பேரும் சிரித்த சிரிப்பில் உள்ளே படுத்திருந்த மகள் என்ன என்ன என்று கேட்டாள். ஒண்ணுமில்லை என்றோம். நீ என்ன எழுதினாய் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நாக்கு துறுதுறுத்தது உண்மை.

மறுவாரம் அவளை அழைத்துக்கொண்டு மறுபடியும் வங்கிக்குப் போனேன். மகளிடம் நேராகச் சொல்லிவிட்டுத்தான் வந்தாள். டெய்லரம்மாவின் கணக்கும் இப்போது அவள் போனிலேயே. எனக்கும் ஒரு வேலை இருந்தது. பெரும்பணத்தையெல்லாம் நிரந்தர வைப்பாகப் போட்டுவிட்டேன். நானே நேரில் போய்க் கையெழுத்துப் போட்டால்தான் அது அசையும். கார்டில் என் மாதச் செலவுக்கு வேண்டியது மட்டும்தான் கிடக்கிறது. வாரிசு என்ற இடத்தில் உன் பெயர். அவசரப்படாதே.

அதே மாதிரி ஒரு திருட்டுப் போன் முந்தாநாள் வந்தது. உங்கள் கணக்கு முடக்கப்படும் என்றான். "அப்படியா தம்பி, நான் பேங்குக்கே நேர்ல வரேன், எந்த கவுன்ட்டர்ல இருக்கீங்க?" என்று கேட்டேன். வைத்துவிட்டான். கை லேசாக நடுங்கியது, பொய் சொல்லமாட்டேன். தண்ணீர் குடித்தேன், சரியாகிவிட்டது.

இனி உன் இன்னொரு பயம். இதை நானாகச் சொல்கிறேன், கேள். எனக்கு சுகர் கொஞ்சம் ஏறியிருக்கிறது. மாத்திரை ஒன்று கூட்டியிருக்கிறார்கள். பேக்கரியைப் பாதியாகக் குறைத்திருக்கிறேன், முழுசாக விடமுடியாது. இடது முழங்கால் படி இறங்கும்போது மக்கர் செய்கிறது. வேறு ஒன்றும் இல்லை. இந்த ஒன்றும் இல்லை நிஜமான ஒன்றும் இல்லை. நாளைக்கு ஏதாவது வந்தால் உன் பெரியம்மாவுக்கும் முன்னால், டெய்லரம்மாவுக்கும் முன்னால் உனக்குச் சொல்வேன். அப்பா மாதிரி நாளைக்கு நாளைக்கு என்று தள்ளமாட்டேன். என் உடம்பு, என் வாய். இது அம்மா உனக்குக் கொடுக்கிற வாக்கு.

இந்த மாதம் நான் ஒன்று வாங்கினேன். என்ன என்று சொல்லமாட்டேன். கொண்டுவந்து வைத்துப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டு, எடுத்த எடுப்பில் "நல்லா இருக்கியாம்மா?" என்றாய். அப்புறம் நீ ஒன்றுமே பேசவில்லை. நான் சொல்வதற்காகக் காத்துக்கொண்டிருந்தாய் என்று எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. "ம்" என்று மட்டும் சொன்னேன். பழக்கமில்லை பார்.

ஒன்று யோசித்து வைத்திருக்கிறேன். நாளையிலிருந்து காலையில் பால் வாங்கியதும், முனைக்கடை வாசலில் நின்று நானே உனக்கு ஒரு வரி அனுப்புகிறேன். பால் வாங்கியாச்சு என்று. அதைப் பார்த்துவிட்டுப் படுக்கப் போ. என்ன விலை என்று மட்டும் கேட்காதே.

சில நாள் மறந்துபோவேன். அன்றைக்குப் பதறாதே. போன் செய்.

உன் அம்மா